நான்கு முதல் ஒன்பது வரை

நூற்றெட்டு.
இந்தக் கலிபோர்னியப் பள்ளத்தாக்கில்
காய்ச்சல் பார்க்கிற கணக்கில்தான்
வெயிலையும் சொல்வோம்.

நூலக வாசலில் மடக்கு மேசை போட்டு
மின்வாரியத்தின் நீல விரிப்பை விரித்து
மூலைக்கொரு பல்பு டப்பா வைத்தேன்
காற்று தூக்கிவிடாமலிருக்க.
காற்றே இல்லை. பழக்கதோஷம்.

மாலை நான்கு முதல் ஒன்பது வரை
துணி துவைக்க வேண்டாம், அடுப்பை மூட்ட வேண்டாம்,
ஏசியை எழுபத்தெட்டுக்குக் கீழே இறக்க வேண்டாம்:
ஆங்கிலத்தில், ஸ்பானிஷில், பஞ்சாபியில், அசிரிய மொழியில்
துண்டுப்பிரசுரம்.
என் அப்பாவின் போர்த்துகீசியத்தில் மட்டும் இல்லை.
உங்கள் ஆட்கள்தான் மாறிவிட்டார்களே, டெல்ஃபினா,
என்றார் மேலாளர்.

அணை நம்முடையது, கம்பி நம்முடையது,
லாபம் தூக்கிப்போக முதலாளி கிடையாது என்று
ஒலிபெருக்கியில் சொன்னேன்.
கூட்டம் இலவச விசிறிக்கு வந்தது.
ஃபிரிட்ஜைத் திறந்துவைத்து எதிரில் உட்கார்ந்தால்
எவ்வளவு ஆகும் என்று கேட்டான் ஒரு பையன்.
எவ்வளவு நேரம்?
"அம்மா வேலை முடிந்து வரும்வரை."
அதற்கு என்னிடம் அட்டவணை இல்லை.

மூன்று மணிக்கு வீட்டுச் சோதனை.
பாதாம் தோட்டம் முடிகிற தெருவில் கடைசி வீடு.
கோஷாபா யூவேல்.
வான்கோழி ஆலையின் உறைபனி அறையில்
இரவெல்லாம் பெட்டி அடுக்குகிறவர்.
தூக்கம் அப்பிய முகத்தோடு திறந்தார்.

புகைக்குச்சி கொளுத்திக் கதவிடுக்கில் பிடித்தேன்.
அசையாமல் மேலே போனது புகை.
ஜன்னலில் ஈரத்துண்டு, வாசற்படியோரம் சுருட்டிய கம்பளம்.
கூடத்தில் ஒரே பல்பு,
போன வருஷம் நாங்கள் கொடுத்தது.
குறை எழுத என் படிவத்தில் இருபத்திரண்டு கட்டம்.
பேனா மூடி திறக்கவேயில்லை.

அப்புறம்தான் சுவரைப் பார்த்தேன்.
தெர்மோஸ்டாட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாக
ஆலையின் பேக்கிங் டேப்:
உறையவைத்த பண்டம், உறையவைத்த பண்டம்,
உறையவைத்த
என்று எழுத்து ஓடியது.
வீட்டுக்குள் தொண்ணூற்றாறு.

எப்போதிலிருந்து?
"மே மாதத்திலிருந்து. நீங்கள்தானே சொன்னீர்கள்."
நான்கு முதல் ஒன்பது வரை என்றுதான் சொன்னோம்.
"அந்த ஐந்து மணி நேரம் நல்லதென்றால்
மிச்சப் பத்தொன்பதும் நல்லதுதானே."
சிரித்தார்.
"ராத்திரி முழுக்கக் குளிரில் நிற்கிறேன்.
எலும்பில் கொஞ்சம் கொண்டுவந்துவிடுவேன்.
மத்தியானம்வரை தாங்கும்."

மணி மூன்றே முக்கால்.

ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து
எங்கள் பில்லை மாட்டியிருந்தார், பரிசுப் பத்திரம் போல.
பச்சை நட்சத்திரம். அதன் கீழே:
அக்கம்பக்கத்தைவிட அறுபத்தொரு சதவீதம் குறைவு. நன்றி!
அந்த ஆச்சரியக்குறி
ஒரு கூட்டத்தில் நான் வாதாடி வைக்கச்சொன்னது.

நகத்தால் டேப்பை உரித்தேன்.
பெயின்ட்டும் கொஞ்சம் கூடவே வந்தது.
கூரைக்குள் எதுவோ இருமியது,
தூசி நாற்றம் முதலில், அப்புறம் குளிர்ச்சி.
மெத்தையைக் கூடத்துக்கு இழுத்துவரச் சொன்னேன்.
சலுகைக் கட்டணப் படிவத்தில்
நிற்கிற நிலையிலேயே அவர் பெயரை எழுதினேன்.
எழுத்துக்கூட்டிச் சொன்னார், இரண்டு முறை.

சரியாக நான்கு.
அவர் பாக்கெட்டிலும் என் பாக்கெட்டிலும்
ஒரே நேரத்தில் கிணுங்கின ஃபோன்கள்,
என் துறை அனுப்பிய செய்தி, என் வாசகம்:
உங்கள் பங்கை இப்போதே குறையுங்கள்.

அவர் கை சுவரை நோக்கி எழுந்தது.
தெர்மோஸ்டாட்டுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன்,
ஒளிந்துபிடித்து விளையாடுகிற பிள்ளை மாதிரி.

காற்று வருகிறதா பார்க்க
இன்னொரு குச்சி கொளுத்தினேன்.
புகை சாய்ந்தது.