முதுகில் ஒட்டிய சொல்

ஹ்ராந்த் எங்கள் வீட்டை அகராதியாக்கிய குளிர்காலத்தில்
வெந்நீர்க் குழாயில் 'லூக்வார்ம்' என்று ஒட்டியிருந்தது.
பொருத்தம்தான். யெரவானில் எங்கள் ஐந்தாவது மாடிக்கு
ஏறி வருவதற்குள் சூட்டுக்கே மூச்சு வாங்கிவிடும்.

ஓயாமல் முனகும் குளிர்பெட்டிக்கு 'இன்செஸன்ட்'.
விளிம்பு உடைந்த கண்ணாடிக்கு 'இம்மாக்குலேட்'.
ஏன் என்றதற்கு, முரண் இருந்தால்தான் மனதில் நிற்குமாம்.
எதிர்வீட்டு ஷிராய்ரின் புதுக் கதவில்
'ஆஸ்டென்டேஷியஸ்' ஒட்டிவிட்டு வந்தான்.
வரி நோட்டீஸ் என்று பயந்து
அந்த மனிதர் இரண்டு நாள் கதவே திறக்கவில்லை.

பகலெல்லாம் டிராலிபஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடப்பவன்.
மஞ்சள் சீட்டுகளில் கிரீஸ் ரேகை.
கனடாவுக்கு ஏழு மதிப்பெண் வேண்டும்,
அவனிடம் ஐந்தரை இருந்தது.
மீதி ஒன்றரைக்குத்தான் இத்தனை கோந்து.

ஒருநாள் ரொட்டிக்கடையில்
சிர்வார்ட் என் முதுகிலிருந்து
ஒரு சீட்டைப் பிய்த்துக் கொடுத்தாள்.
'இனெவிடபிள்.'
மாவுக் கையோடு வாங்கிப் பையில் போட்டேன்,
சிரித்துக்கொண்டுதான்.

தேர்வில் கேட்டார்களாம்:
உன் வாழ்வில் முக்கியமான ஒருவரைப் பற்றி
இரண்டு நிமிடம் பேசு.
"என் மனைவி இனெவிடபிள் என்றேன்.
அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்,
ஏதோ குறித்துக்கொண்டாள்."
சூப்பை உறிஞ்சியபடி சொன்னான்.
காது மடல் சிவந்திருந்தது.
நான் உப்பை நகர்த்தி வைத்தேன்.

அவன் தூங்கியபின் தடித்த அகராதியை எடுத்தேன்.
தேடிப் போனது
நீயின்றி அமையாது என்ற சொல்.
கையில் அகப்பட்டது
தப்பிக்க வழியில்லை என்ற சொல்.
முதுமை, மரணம், வாடகை உயர்வு என்று
கீழே உதாரணங்கள் வேறு.

இரண்டுக்கும் நடுவே பத்துப் பக்கம் இருக்கலாம்.
பதினேழு வருடமாக நான் எந்தப் பக்கத்தில் இருக்கிறேன்,
அவன் எந்தப் பக்கத்தில் இருக்கிறான்,
யார் பார்த்தார்கள்?

திருத்தவில்லை.
ஏழு வந்த அன்றும் திருத்தவில்லை.
ஷிராய்ர் கான்யாக் கொண்டுவந்தார்,
அவர் கதவில் இன்னும் சதுரமாய் ஒரு கோந்துக் கறை.

விசா படிவத்தில்
'உடன் வருபவர்' என்று ஒரு கட்டம்.
மஞ்சள் சீட்டை அதன்மேல் வைத்துப் பார்த்தேன்.
அளவு சரி. பசைதான் செத்துவிட்டது.
கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்,
அவன் பேனா எங்கே என்று கேட்கும்வரை.