பாம்பனில் மூன்று கறுப்பு

ஒரே படம். அமலோற்பவம்,
பாசிச் சாக்குடன் இடுப்பளவு நீரில்.

சாய மை பளபளத்தது.
ஒன்பது நாள் உப்புக்காற்று;
சாக்கின் ஓரம் கத்தரிப்பூவாகக் கசிந்தது.

நிறமி மை கசியவில்லை.
டியூப்லைட்டின் கீழ் கறுப்பு,
வாசல் வெயிலில் மட்டும் கொஞ்சம் பச்சை,
ஆளுக்குத் தகுந்தபடி பேசும் தரகன் மாதிரி.

கரி மை மூன்று மடங்கு விலை.
இரண்டு தடவை முனை அடைத்தது.
ஈரவிரலால் தேய்த்தேன்: அசையவில்லை.

மூன்றையும் மேசையில் பரப்பி
அவளிடமே கேட்டேன்.
விலை விசாரிக்காமல்
கரி மைப் படத்தை எடுத்து,
நீருக்கடியில் இருட்டாய்க் கிடந்த மூலையைத் தொட்டாள்:
"இங்கன பாறை இருக்கு. தெரியுதா?"

எனக்குத் தெரியவில்லை.
குனிந்தேன்.
கறுப்புக்குள் இன்னொரு கறுப்பு,
அவள் முழங்கால் தழும்பு அளவில்.