குளிர்ந்த டயரில் அளந்தது

கதவிடுக்கின் ஒட்டுத்தாள் இருபத்தாறு என்கிறது.
டயர் கடை எம்ரிஸ் முப்பது என்கிறான்,
கேட்காமலே அடித்தும் விட்டான்.
அன்றிலிருந்து இந்தக் குட்டி வண்டி
கூழாங்கல் ஒவ்வொன்றையும்
என் முதுகெலும்பில் எண்ணிக் காட்டுகிறது.
வளைவில் அதன் பின்புறம்
சறுக்கலாமா என்று ஒருகணம் யோசிக்கிறது.

ஞாயிறு விடியல். வேல்ஸ் மலைக்குளிர்.
சக்கரம் சூடேறுமுன் அளந்தாக வேண்டும்.
வால்வில் அளவியை அழுத்துகிறேன்.
ஸ்ஸ்...
எம்ரிஸின் காற்று கொஞ்சம்
என் விரலிடுக்கில் வெளியேறுகிறது.
முன்னே இருபத்தேழு. பின்னே இருபத்தாறு.
இல்லை, இருபத்தாறரை.
அரையில் என்ன இருக்கிறது என்பவர்கள்
இடுப்பளவு உயர வண்டியில்
மலையேறியதில்லை.

பள்ளியிலிருந்து கொண்டுவந்த சாக்பீஸால்
நான்கு டயரிலும் குறுக்கே ஒரு கோடு.
நடுவில் அழிந்தால் காற்று அதிகம்,
ஓரத்தில் அழிந்தால் குறைவு,
ஒரே சீராக அழிந்தால்
எம்ரிஸ் கடைக்கே போய்ச் சொல்லலாம்.

கிளம்பினேன். மூன்றாம் கியர்.
மூடிக்கிடக்கும் சிலேட்டுச் சுரங்கம்,
ஒற்றைவழிப் பாலம்,
நடுச்சாலையில் படுத்து
எழ மனமில்லாத ஆடுகள்.
ஸ்டீயரிங் வழியே சாலை
முதல்முறையாக
அதட்டாமல் பேசியது.

உச்சிக்கு இரண்டு வளைவு இருக்கையில்
மழை.

இறங்கிக் குனிந்து பார்த்தேன்.
துடைத்து வைத்த
நான்கு சிலேட்டுகள்.

எவ்வளவு வைத்தாய் என்றான் எம்ரிஸ், மாலையில்,
கையைத் துணியில் துடைத்தபடி.
இருபத்தெட்டு என்றேன்.
எங்கள் இருவருக்கும் அது தாங்கும்.