கீழிருந்து மேலே

கிளாஸ்கோவில் மார்ச் மாதம்.
மீன் கிடங்காக இருந்த அறையின் சுவரெல்லாம்
முட்டை அட்டைகளை ஒட்டி
ஒலிப்பதிவுக் கூடம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

உகொன்மாவின் மடியில் ஊடு.
விலாவில் ஓட்டை உள்ள மண்பானை.
உள்ளங்கை அந்த ஓட்டையை மூடித் திறந்தால்
கூரைக்குழாயில் மழை இறங்கும்.
அதன் ஊடே கிட்டார்,
கிட்டாரின் ஊடே
இரவு விடுதிகளின் இடி.
எந்த அலமாரியில் வைப்பது இதை என்று
கம்பெனிக்காரர் போனில் கேட்டார்.
தச்சரைக் கேளுங்கள் என்றாள்.

ஏழு பாட்டு முடிந்தது.
எட்டாவது, போன வருஷம் இறந்த அம்மாவுக்கு.
அதில் ஒரே சொல் திரும்பத் திரும்ப: அக்வா.
இரண்டு அசையும் உச்சியில் நின்றால் அழுகை.
அவள் மெட்டோ
கீழே பிறந்து மேலே ஏறியது.
அழகாகத்தான் ஏறியது,
நான் கண்ணை மூடியிருந்தேன்.

மூலையில்
இரவுப் பேருந்து ஓட்டிவிட்டு வந்து
சட்டை மாற்றாமல் உட்கார்ந்திருந்த அவள் அப்பா
ஓசோமேனா
சிரித்துவிட்டார்.
"அம்மாவை நினைத்து
முட்டை, முட்டை என்று பாடுகிறாயே."

காற்றில் விரலை ஏற்றி இறக்கிக் காட்டினார்:
மேல் மேல், அழுகை.
மேல் கீழ், துணி.
கீழ் கீழ், கட்டில்.
கீழ் மேல்,
அதோ சுவரில் அட்டை இருக்கிறது, முட்டைதான் இல்லை.

அவள் முகம் சிவந்தது.
கோவனில் பிறந்தவள்.
இக்போவைத் திட்டு வாங்கியே கற்றவள்.
திட்டும்போது மட்டும் சுருதி பிசகாது.

பதினொரு முறை திருத்திப் பாடினாள்.
அழுகை அழுகையாகவே இருந்தது.
யாருக்கும் அழுகை வரவில்லை.

தேநீர்க் குடுவையைத் திருகி மூடியபடி
கிழக்கே பார்த்துச் சொன்னார் ஓசோமேனா:
"கடைசி வாரம் ஆஸ்பத்திரியில்
அவித்த முட்டை ஒன்றுதான் இறங்கியது அவளுக்கு.
வெள்ளையைத் தின்பாள்.
மஞ்சளை என் பக்கம் தள்ளுவாள்."
பிறகு,
"முதலில் பாடினாயே, அதையே போடு."

அந்தப் பதிவில் அவர் சிரிப்பை வெட்ட
நான் கோடு போட்டு வைத்திருந்தேன்.
கோட்டை அழித்தேன்.
சிரிப்பும் இருக்கிறது,
நாற்காலி கிறீச்சிட்டதும்.

முதல் ஆல்பம். முந்நூறு இசைத்தட்டு.
உறையில் பானை இல்லை, மேளம் இல்லை,
வெள்ளைத் தட்டில் ஒரு மஞ்சள் கரு.

'எட்டாம் பாட்டு
நெஞ்சைப் பிளக்கும் ஒப்பாரி'
என்று ஒரு பத்திரிகை எழுதியது.

ஓசோமேனா அதைக் கத்தரித்து
ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே ஒட்டியிருக்கிறார்.
சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம்
படித்துவிட்டுச் சிரிக்கிறாராம்.
பச்சை வந்ததும்
பின்னால் இருப்பவர்கள் ஹார்ன் அடிக்கிறார்கள்,
மேல் மேல்,
மேல் மேல்.