பதினாறு ஸ்விட்சுகள்

இந்த வீட்டில் பதினாறு ஸ்விட்சுகள்.
எண்ணிப் பார்த்தாயிற்று.
ஒவ்வொன்றுக்கும் நான்தான் பணம் அனுப்பினேன்.
எது எந்த விளக்கு என்று மட்டும்
எனக்குத் தெரியாது.

பாரி நகரத்தில், ஃபிலோமெனாவின் வீட்டில்
கண்ணை மூடிக்கொண்டே நடப்பேன்.
மூன்றாவது இழுப்பறை இழுத்தால் முனகும்.
குழாயில் நீலப் பக்கம்தான் வெந்நீர்.
ஈஸ்டருக்கு வரும் அவள் மகன்கள்
உப்பு எங்கே என்று என்னைத்தான் கேட்பார்கள்.
ராத்திரி மூன்று மணிக்கு அவளைப்
புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்,
முதுகில் புண் வந்துவிடக் கூடாது.
இருபது வருஷம்.
பிப்ரவரியில் செத்துப்போனாள்.
மார்ச்சில் வீட்டை விற்றார்கள்.
சாவியைக் கழற்றிக் கொடுத்தபோது
வளையத்தில் வேறு சாவியே இல்லை.

ஸெஸ்தஃபோனிக்குப் பஸ்ஸில் நான்கு நாள்,
நடுவில் ஒரு கப்பல்.
ஞாயிற்றுக்கிழமைதோறும் இதே பஸ்ஸில்தான்
மூட்டை மூட்டையாய் ஏற்றிவிட்டேன்,
ஆலிவ் எண்ணெய், சோப்பு, மல்காஸுக்குக் காலணி.
என் மகன் வளர்ந்தது
எனக்கு அளவுகளாகத்தான் தெரியும்:
முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று,
நாற்பத்து நான்கில் நின்றது.
இந்த முறை நானே மூட்டை.
டிரைவர் எடை போடவில்லை.

வந்த இரவே விருந்து.
அடுத்த வீட்டு ஷால்வா எழுந்து கோப்பையை உயர்த்தினார்.
முதலில் கடவுளுக்கு,
பிறகு போய்ச் சேர்ந்தவர்களுக்கு,
அதற்கும் பிறகு
"ஆண்டவன் அனுப்பிய விருந்தாளிக்கு."
எல்லோரும் என் பக்கம் பார்த்தார்கள்.
நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்,
யாராவது வந்திருக்கிறார்களா என்று.

மறுநாள் கடையில் ரொட்டியை வாங்கிக்கொண்டு
வாய் தவறி "கிராட்சியே" என்றேன்.
கல்லாவில் இருந்த பெண்
நிமிர்ந்துகூடப் பார்க்காமல்
"ப்ரேகோ" என்றாள்.
அவள் அம்மா நேப்பிள்ஸில்.

மருமகள் தேயா நல்ல பெண்.
எதையும் தொட விடுவதில்லை.
தட்டைக் கழுவப் போனால்
தோளைப் பிடித்து உட்காரவைத்துவிடுகிறாள்.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
மடியில் வைத்திருக்கிறேன்,
யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன
பொருள் போல.
விருந்தாளிக்கு மூன்று நாள் கணக்கு.
இன்று பதினொன்று.

ராத்திரி மூன்று மணி.
அவள் செத்தது உடம்புக்குத் தெரியாது,
எழுந்துவிட்டது.
யாரைப் புரட்ட?
தண்ணீராவது குடிக்கலாம் என்று போனேன்.
முதல் ஸ்விட்ச்சுக்குத் தெருவாசல் எரிந்தது.
இரண்டாவதுக்கு எங்கோ ஒரு விசிறி சுற்றியது.
மூன்றாவது எதையும் செய்யவில்லை,
அல்லது நான் பார்க்க முடியாத இடத்தில்
எதையோ செய்தது.
ஷால்வா வீட்டு நாய் குரைத்தது.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு
இருட்டிலேயே நடந்தேன்.
இருட்டில் கால் யாரையும் கேட்கவில்லை.
எட்டு அடி, இடப்பக்கம் திரும்பு,
பிறகு சமையலறைக்கு ஒரு படி கீழே.
இறங்கினேன்.
படி இல்லை.
தரை பாதி வழியிலேயே எதிர்கொண்டு
குதிகாலில் அடித்தது.
பல்லோடு பல் மோதிற்று.

மல்காஸ் ஓடிவந்தான்,
முப்பத்து மூன்று வயது, வெறுங்கால்.
"அங்கே படி இல்லையே அம்மா."
தெரியும் என்றேன்.
அதை மேடாக்க நூற்றெண்பது யூரோ கேட்டாய்.
அந்த மாதம் பல் கட்டுவதற்கென்று
வைத்திருந்த பணம்.
அவன் சிரித்தான்.
பிறகு சிரிக்கவில்லை.
சுவரைத் தடவி ஓரிடத்தில் விரலை வைத்து,
"இதோ, இதுதான் சமையலறைக்கு" என்றான்.

போடாதே.
நீ போய்ப் படு.

அவன் கதவு சாத்துகிற சத்தம் வரைக்கும்
அப்படியே நின்றேன்.
இன்னும் பதின்மூன்று இருக்கிறது.
ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன்.
நாய் குரைத்தால் குரைக்கட்டும்.