இருபத்துநான்கு வளையங்கள்

கொத்துமல்லி விதையளவு வளையங்களை
மாத்திரைக்குள் அடைத்து விழுங்கச் சொன்னார்கள்.
ஐந்தாம் நாள் வந்து படம் எடுக்கணும்,
அதுவரை பேதிக்கு ஒன்றும் தொடக் கூடாது
என்றார் டாக்டர் ஷமீமா.
எனக்குச் சிரிப்பு வந்தது.
திருவொற்றியூர் யார்டில் என் வேலையே அதுதான்:
உள்ளே வந்த பெட்டியை எண்ணுவது,
வெளியே போகாத பெட்டியை எண்ணுவது.

அந்த வாரம் துறைமுகத்தில் ஏதோ சர்வர் படுத்துக்கொண்டது.
எண்ணூர் நெடுஞ்சாலை நெடுக டிரெய்லர்கள்
ஒன்றன் வாலை ஒன்று முகர்ந்தபடி நின்றன.
வண்டி நிழலில் கருவாட்டுக் குழம்பு கொதித்தது.
ஒரு கிளீனர் முடி வெட்டிக்கொண்டான்.
மூன்றாம் நாள் யாரும் ஹாரன் அடிக்கவில்லை.
நிற்பதும் பழகிவிடுகிறது.

எனக்குப் பழகிப் பதினொரு வருஷம்.
கடுக்காய், நிலாவாரை, விளக்கெண்ணெய்.
பப்பாளி தின்று தின்று
பழ வண்டியைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடப்பேன்.
வாரம் இருமுறை தண்ணி லாரி வரும் பிளாக்கில்
எல்லோரும் சொன்னார்கள்: "தண்ணி நல்லா குடி."
ஒன்பது நாள் ஆகும். சில மாதம் பன்னிரண்டு.
மாடிக்கு ஒரே கழிப்பறை.
"இன்னாடி கிருபா, உள்ள தூங்கிட்டியா?"
சும்மா போய்ச் சும்மா திரும்புகிறவள்
வரிசையைப் பார்த்து என்ன முகம் வைத்துக்கொள்வாள்?

ஒருநாள் ஐம்பத்தாறில் ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்தாள்.
"எத்தினி மாசம்மா?"
"ஏழு" என்று உட்கார்ந்துவிட்டேன்.
டோல்கேட் வரும்வரை
அதற்குப் பேர்கூட யோசித்தேன்.

ஐந்தாம் நாள்.
வெளிச்சப் பெட்டியில் என் முதுகெலும்பு, என் இடுப்பு,
நடுவே வெள்ளை வெள்ளையாக.
தொழில் புத்தி, நானே எண்ணினேன்.
இருபத்துமூன்று.
"ஒண்ணு போயிருக்கு டாக்டர்!"
அவர் பேனா முனையால்
கடைசி விலா எலும்பின் மறைவில் தொட்டுக் காட்டினார்.

பிறகு பலூன் வைத்துத் தள்ளச் சொன்னார்கள்.
மனநல டாக்டர் என் அப்பாவைப் பற்றிக் கேட்டார்.
வாசலில் பழுதில்லை, பாதைதான் தூங்குகிறது என்று
முடிவாக எட்டு மாதம்.
ஷமீமா காகிதத்தில் பெருங்குடலை வரைந்தார்,
பெரிய கேள்விக்குறி போல இருந்தது.
அதை அப்படியே அடித்துவிட்டு
சிறுகுடலைக் கீழே இழுத்து முடிச்சுப் போட்டார்.
"போவும். அத நான் சொல்லலாம்.
வலி, உப்புசம், அதுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.
சில பேருக்குக் குடல் ஒட்டிக்கும், திரும்ப வரவேண்டியிருக்கும்."
கையெழுத்து நான்தான் போட்டேன்,
ஆறு இடத்தில்.

ஐந்தாவது இரவு வார்டில் காற்று பிரிந்தது.
பக்கத்துக் கட்டில் துளசிபாய் அம்மா
டிரிப்ஸ் ஊசியோடு கை தட்டினாள்.

இப்போது ஒன்றரை வருஷம்.
நாளைக்கு ஐந்து, ஆறு. ராத்திரி ஒன்று.
யார்டில் என் மேஜையிலிருந்து
கழிப்பறைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு தப்படி.
பையில் உப்பு மோரும் ஒரு மாற்றுச் சேலையும்.
கல்யாணப் பந்தியில் ஓர இலை.
நடுவில் ஒருமுறை குடல் சுருட்டிக்கொண்டு
நாலு நாள் மூக்கில் குழாயோடு கிடந்தேன்.
சாயங்காலமானால் வயிறு இன்னமும் உப்புகிறது,
காலி செய்துபோன வாடகைக்காரன்
சாவியைத் தராமல் வைத்திருப்பதுபோல.

ஆனால் சாப்பிடுகிறேன்.
வஞ்சிரம் வறுத்து, சோறு கொஞ்சம் கூடவே வைத்து.
தேதி கிழிக்கும் காலண்டரில்
சிவப்பு மையில் வட்டம் போடுவதை
எப்போது நிறுத்தினேன் என்று ஞாபகமில்லை.

நேற்று ஸ்டான்லியில் ஒரு தாள் கொடுத்தார்கள்.
திருப்தி எவ்வளவு, பத்துக்கு?
மறுபடி கேட்டால் இதே ஆபரேஷனுக்குச் சம்மதிப்பீர்களா?
இரண்டாவதற்கு உடனே டிக் போட்டேன்.
முதலாவதில் ஏழு என்று எழுதி
அடித்து, எட்டு என்று எழுதி,
அதையும் அடிக்கலாமா என்று பார்ப்பதற்குள்
வந்துவிட்டது.
பேனாவை நர்ஸ் கையில் திணித்துவிட்டு ஓடினேன்.