ஓஹோ

சாந்தியாகோ. ஜூலைக் குளிர். காலை எட்டு மணி.
இருபது மாடி ஆகப்போகிற ஆறு மாடிக்குக் கீழே
ஐந்து நிமிடப் பாதுகாப்புப் பேச்சு.
மாரிசெல் வென்சுமானின் வாயிலிருந்து
சொல்லும் புகையும் சேர்ந்தே வருகின்றன.
இன்றைய தலைப்பு: மேலிருந்து விழும் பொருட்கள்.

முப்பத்தோரு பேர் கேட்கிறார்கள்.
அதில் ஹைத்திக்காரர்கள் பதினோரு பேர்.
தலையாட்டுகிறார்கள். நன்றாக ஆட்டுகிறார்கள்.
ஆட்டாத தலைக்கு அடுத்த வாரம் வேலையில்லை என்று
யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"புரிந்ததா?"
"புரிந்தது."
வந்து இறங்கிய வாரமே கற்ற சொல் அது.

பிறகு தாள் கைமாறுகிறது.
பெயர், எண், கையெழுத்து.
காதுக்குப் போனதா என்று
அந்தத் தாளில் கட்டம் இல்லை.

பிற்பகலில் நான்காம் தளத்துச் சாரத்திலிருந்து
ஓர் இரும்புக் கவ்வி நழுவியது.
கீழே ஃப்ரிட்ஸ்னெல்.
மேலே இருந்தவன் கத்தினான்:
ஓஹோ!

நம் காதுக்கு அது வியப்பு.
அந்த ஊரில் அது கண்.
பார்த்து, விலகு, ஓடு
எல்லாம் அந்த ஒரு கண்ணுக்குள்.
அங்கே பிறந்தவனின் கால்
கேட்டதும் தானாக நகரும்.

ஃப்ரிட்ஸ்னெலுக்கும் அந்தச் சொல் தெரியும்.
இரவு வகுப்பில், படப் புத்தகத்தில்,
மூக்குக்கும் காதுக்கும் நடுவே படித்தது.
கண் என்கிறார்கள்.
தலைக்கவசத்தில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை
அவசரமாய்க் கண்ணுக்கு இறக்கினான்.
நின்ற இடத்திலேயே நின்றான்,
அவ்வளவு பணிவாக.

ஒரு சாண் தள்ளி விழுந்தது.
சிமெண்ட் மூட்டை வாய் பிளந்தது.

அறிக்கையில் 'காரணம்' என்ற இடத்தில்
'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று
முன்னமே அச்சாகியிருந்தது.
குறி போட்டால் போதும்.
மாரிசெல் பேனாவை மூடினாள்.
ஒரு சொல்லுக்கு இத்தனை கவனமாக
யாரும் நின்று அவள் பார்த்ததில்லை.

மறுநாள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.
"உங்கள் ஊரில் எப்படிக் கத்துவீர்கள்?"
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
"அத்தான்சியோன்" என்றான் ஒருவன், தரையைப் பார்த்து.
அவள் திருப்பிச் சொன்னாள். தப்பாக.
பதினோரு பேரும் சிரித்தார்கள்.
மேல்தளத்து ஆட்களையும் கத்தச் சொன்னாள்.
ஏணி ஏறிக் கையுறையைக் கீழே போட்டாள்,
ஓஹோ! அத்தான்சியோன்!
கால்கள் நகர்கிற வரைக்கும்
திரும்பத் திரும்பப் போட்டாள்.

வாசலில் கான்கிரீட் லாரி ஹாரன் அடித்தது.
மேஸ்திரி கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.
இருபத்திரண்டு நிமிடம்.

"புரிந்ததா?"

பின்வரிசையில் ஒருவன், ஜோலிபேர்,
தலையாட்டாமல் கை தூக்கினான்:
"நேற்று விழுந்ததே,
அதற்கு என்ன பெயர்?"